காதில் விழாத இலக்கணம்



ஆண்டுதோறும் மொழி கற்பித்தல் பற்றி ஒரு சொற்பொழிவு நடக்கவேண்டும் என்று விரும்பி இந்த அறக்கட்டளையை நிறுவியவர் ஓர் ஆசிரியர். ஆகவே, ஆசிரியர்கள் நாளைக்கே வகுப்பில் செய்து பார்க்கக்கூடிய ஒன்றைப் பேசுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்து, பாட்காஸ்ட் வழியாகக் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கில இலக்கணம் கற்பிப்பதை எடுத்துக்கொண்டேன். வலையொலி என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால் மாணவர்கள் பாட்காஸ்ட் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஆங்கில எடுத்துக்காட்டுகளைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்திலேயே அச்சிடும்படி கேட்டிருக்கிறேன். காதைப் பற்றிய பேச்சுக்கு அதுதான் பொருந்தும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலக்கண விதிகளை விளக்கும் பாட்காஸ்டுகள் நிறைய வந்துவிட்டன. அவற்றால் நம் மாணவருக்குப் பெரிய பயன் இல்லை. விதி அவருக்கு ஏற்கெனவே தெரியும். பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும் அதே டென்ஸ் பட்டியலை எழுதி மதிப்பெண் வாங்கியவர் அவர். அந்த விதி பேச்சில் எந்த ஒலிக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு பாட்காஸ்டைப்போல உதவும் கருவி வேறு இல்லை. விளக்கம் சொல்ல ஆசிரியர் போதும். பாட்காஸ்ட் தரவேண்டியது பேச்சு.

மிக்னான் ஃபோகார்ட்டி 2006இல் தொடங்கிய ‘கிராமர் கேர்ள்’ புகழ்பெற்ற நிகழ்ச்சி, நன்றாகவும் இருக்கும். ஆனால் அது ஆங்கிலத்தில் பேசியே வளர்ந்தவர்கள் எழுதும்போது தடுமாறும் இடங்களைப் பற்றியது: காற்புள்ளி எங்கே வரும், ‘ஹூ’வா ‘ஹூம்’மா என்பது போன்றவை. முதல் தலைமுறைப் பட்டதாரியாக வகுப்பில் உட்கார்ந்திருப்பவரின் தடுமாற்றம் வேறு. பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் கிராமர்’ நம்மவருக்குக் கொஞ்சம் நெருக்கமானது. அதையும் தனியாகப் போட்டுவிட்டு ஆசிரியர் ஓரமாக உட்கார்ந்துகொண்டால், கரும்பலகையில் எழுதிப்போட்டதைவிட ஒரு படி கீழே போய்விடும். கரும்பலகையையாவது திரும்பப் பார்க்கலாம்.

வானொலியில் ஆங்கிலம் கற்பிப்பது பழைய வேலை. பிபிசி 1943இல் ‘இங்கிலீஷ் பை ரேடியோ’வைத் தொடங்கியது, இன்றைய பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் அதன் வழியில் வந்ததுதான். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959 அக்டோபர் 19 அன்று ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ ஒலிபரப்பைத் தொடங்கியது. ஏறக்குறைய 1500 சொற்களுக்குள், சிறு சிறு வாக்கியங்களாக, வேகத்தைக் குறைத்துச் செய்தி படித்தார்கள். ஆனால் வானொலியில் போனது போனதுதான். காதில் விழாமல் நழுவிய ஒரு சொல்லைப் பிடிக்க மறுநாள் வரை காத்திருந்தாலும் அது திரும்ப வராது.

2004 பிப்ரவரியில் ‘கார்டியன்’ நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில்தான் ‘பாட்காஸ்டிங்’ என்ற சொல் பிறந்தது. அதே பிப்ரவரி 1ஆம் தேதி சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் ‘அண்ணா எஃப்.எம்.’மைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. வானொலியும் பாட்காஸ்டும் கல்விக்கூடத்தை ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்த மாதம் என்று சொல்லலாம். 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸில் பாட்காஸ்டுகளைச் சேர்த்ததும் அவை பரவின. கேட்பவர் நிறுத்தலாம், பத்து விநாடி பின்னே போகலாம், மறுபடி கேட்கலாம். இலக்கண ஆசிரியருக்கு வேண்டியது இந்த ஒரு வசதிதான், மற்றதெல்லாம் அலங்காரம்.

திரும்பக் கேட்பதன் அருமை நமக்குப் புதிதில்லை. பாடம் கேட்கும் முறையை வகுத்துச் சொன்ன பவணந்தி முனிவர், இருமுறை கேட்டால் நூலில் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் பிறருக்கு முறையாக எடுத்துச் சொல்லும் திறம் வரும் என்று நன்னூலின் பாயிரப் பகுதியில் சொல்லியிருக்கிறார். இலக்கண நூலின் தொடக்கத்திலேயே கேட்பதற்கு இத்தனை இடம் கொடுத்த மரபு நம்முடையது. நம் ஆங்கில வகுப்புகளோ முழுக்க முழுக்கக் கண்ணால் நடக்கின்றன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் வினையின் கடைசியைக் கவனியுங்கள். வந்தான், வந்தாள், வந்தார்கள், வந்தது. ஆண்பாலா பெண்பாலா, ஒருவரா பலரா என்பதெல்லாம் முழு அசையாக, பெரும்பாலும் நெடிலாக, காதில் தெளிவாக விழுகின்றன. பேச்சு வழக்கில் ‘வந்தான்’ மூக்கொலியோடு தேய்ந்தாலும் அந்த ஆகாரம் போவதில்லை. ஆங்கிலம் நேர்மாறு. அங்கே இலக்கணத்தைச் சுமப்பவை வாக்கியத்திலேயே மிக மெலிந்த ஒலிகள். இறந்தகாலத்துக்கு ஒரு ‘ட்’. நிகழ்காலப் படர்க்கை ஒருமைக்கு ஒரு ‘ஸ்’. ‘ஹேவ்’ தேய்ந்து ‘வ்’. ‘ஹேட்’ தேய்ந்து ‘ட்’. ‘வுட்’டும் தேய்ந்தால் அதே ‘ட்’. ‘எ’, ‘த’, ‘டு’, ‘ஆஃப்’, ‘கேன்’, ‘வாஸ்’ என ஏறக்குறைய 40 சிறு சொற்களுக்கு அழுத்தமில்லாத தேய்ந்த வடிவம் ஒன்று உண்டு. இயல்பான பேச்சில் பெரும்பாலும் அந்த வடிவமே வரும். பொருட்சொற்களில் அழுத்தம் விழும். இலக்கணச் சொற்கள் அவற்றின் நடுவே நசுங்கிப் போகும்.

நம் வகுப்பறை ஆங்கிலத்தில் இந்த நசுங்கல் குறைவு. நாம் ‘ஐ ஹேவ் சீன் இட்’ என்று ஒவ்வொரு சொல்லுக்கும் சம மரியாதை கொடுத்துப் பேசுகிறோம். அது குறை என்று நான் சொல்லமாட்டேன். புரியும்படி பேசுவது நல்ல குணம். ஆனால் அதை மட்டுமே கேட்டு வளர்ந்தவர் ‘ஐவ் சீனிட்’ என்று கேட்கும்போது ‘ஐ சீன் இட்’ என்றுதான் எழுதுவார். அப்புறம் அதையே பேசவும் செய்வார். பிரசன்ட் பெர்ஃபெக்ட் பற்றி அவர் தேர்வில் எழுதிய பதிலுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

ஜான் ஃபீல்ட் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை நேரடியாகத் தொடுகிறது. பல தாய்மொழிகளைச் சேர்ந்த ஆங்கிலம் கற்போருக்குப் பேச்சைப் போட்டு, நடுவில் நிறுத்தி, கடைசியாகக் கேட்ட சில சொற்களை எழுதச் சொன்னார். பொருட்சொற்களை நன்றாகவே பிடித்தார்கள். இலக்கணச் சொற்களில் கணிசமாகக் கோட்டைவிட்டார்கள். தாய்மொழி எதுவானாலும், ஆங்கிலத் தேர்ச்சி எந்த நிலையில் இருந்தாலும் இந்த வேறுபாடு தெரிந்தது. அதே ஆண்டில் வந்த தம் நூலில் அவர் இன்னொரு குறையும் சொன்னார். கேட்டல் வகுப்பு என்று நாம் நடத்துவது பெரும்பாலும் கேட்டல் தேர்வு. ஒலிப்பதிவைப் போட்டுக் கேள்வி கேட்டு விடையைச் சரிபார்க்கிறோம், எப்படிக் கேட்பது என்று யாரும் கற்பிப்பதில்லை என்றார். மறுக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தமிழ் மாணவருக்கு இதைப் புரியவைப்பது எளிது. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று பாடநூலில் படித்துத் தமிழ் கற்ற ஒரு வெளிநாட்டவர் மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் நின்று ‘வந்துட்டிருக்கேன்’ என்று கேட்டால் என்ன ஆவார்? ‘கொண்டு’ எங்கே போயிற்று என்று தேடுவார். நம் பிள்ளைகள் பாட்காஸ்ட் கேட்கும்போது நிற்பது அந்த இடத்தில்தான். எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பிரிந்து கிடக்கும் மொழியில் பிறந்த நமக்கு, ஆங்கிலத்திலும் அப்படி ஒன்று உண்டு என்று சொன்னால் சட்டென்று விளங்கிவிடும். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஆசிரியருக்குக் கிடைக்காத வசதி இது. அதை வகுப்பில் நாம் ஏன் பயன்படுத்துவதில்லை என்பது எனக்குப் புதிராகவே இருக்கிறது.

இப்போது ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொள்வோம். நானே எழுதியது, பாட்காஸ்ட் கதைகளில் இந்த மாதிரி நூறு கிடைக்கும். ‘பை த டைம் வி காட் டு த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட். வி ஹேட் பீன் டோல்ட் இட் வுட் பி லேட்.’ நாங்கள் நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ரயில் போய்விட்டது. தாமதமாக வரும் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். இதை இயல்பான வேகத்தில் பேசும்போது இரண்டாம் வாக்கியம் ஏறக்குறைய இப்படி விழும்: ‘வீட் பின் டோல்ட் இட்டட் பி லேட்.’ எழுதச் சொன்னால் பாதி வகுப்பு ‘வி டோல்ட் இட் லேட்’ என்று எழுதும். என்ன ஆயிற்று பாருங்கள். ‘டோல்ட்’, ‘லேட்’ இரண்டும் பொருட்சொற்கள், தப்பிவிட்டன. ‘ஹேட் பீன்’ காணாமல் போனதால் சொன்னவர் யார், கேட்டவர் யார் என்பதே தலைகீழாகிவிட்டது. தவறான தகவலால் ரயிலைத் தவறவிட்டவர்கள், தாங்களே தவறான தகவல் சொன்னவர்கள் ஆகிவிட்டார்கள். பாஸிவ் வாய்ஸ் எதற்கு என்று மாணவர் ஒருவரும் இனிக் கேட்கமாட்டார்.

இந்தப் பகுதியை வைத்து வகுப்பை நடத்தும் முறைக்கு டிக்டோகிளாஸ் என்று பெயர். ரூத் வாஜ்ன்ரிப் 1990இல் ‘கிராமர் டிக்டேஷன்’ என்ற நூலில் அதை விரிவாக எழுதினார். அவர் ஆசிரியரே படித்துக் காட்டுவதாக வைத்தார். நாம் பாட்காஸ்டிலிருந்து முப்பது நாற்பது விநாடித் துண்டை வெட்டிக்கொள்ளலாம். முதல் முறை கேட்கும்போது பேனாவைத் தொடக்கூடாது. என்ன நடந்தது என்று தமிழில்கூடச் சொல்லலாம். இரண்டாம் முறை கேட்கும்போது காதில் விழுந்த சொற்களைக் குறித்துக்கொள்ளவேண்டும். பிறகு நான்கு பேராக உட்கார்ந்து, கையில் இருக்கும் சில்லறைச் சொற்களிலிருந்து முழு வாக்கியங்களைத் திரும்பக் கட்டவேண்டும். சண்டை அங்கேதான் வரும், வரவும் வேண்டும். ஒருவர் ‘வி டோல்ட்’ என்பார். இன்னொருவர், ‘நாம சொன்னோம்னா அப்புறம் ஏன் ட்ரெயினை விட்டோம்?’ என்பார். இலக்கணம் பொருளோடு முட்டிக்கொள்ளும் அந்த நொடிக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். அதன்பின் எழுத்து வடிவத்தைக் கொடுத்து, மூன்றாம் முறை கேட்கச் சொல்லவேண்டும். முன்பு இல்லாத ஒலி இப்போது இருக்கும். ‘சார், இது முதல்லயே இருந்துச்சா?’ என்று கேட்பார்கள்.

முதல் முறை ஏன் பொருளை மட்டும் கேட்கவேண்டும்? பில் வான்பாட்டன் 1990இல் நடத்திய சோதனையில் அதற்கு விடை இருக்கிறது. ஸ்பானிய மொழி கற்கும் மாணவர்களுக்குப் பணவீக்கம் பற்றிய ஓர் ஒலிப்பதிவைப் போட்டார். சிலர் பொருளை மட்டும் கேட்டார்கள். சிலரிடம் ‘பணவீக்கம்’ என்று பொருள்படும் சொல் வரும்போதெல்லாம் குறிக்கச் சொன்னார். இன்னும் சிலரிடம் ஒரு சிறு ஆர்ட்டிகிளை, வேறு சிலரிடம் வினையின் விகுதியான ஒரு ‘ன்’ ஒலியைக் குறிக்கச் சொன்னார். பணவீக்கத்தைக் குறித்தவர்களுக்குப் பொருள் புரிவதில் சிரமம் இல்லை. ஆர்ட்டிகிளையும் விகுதியையும் தேடியவர்களுக்குக் கதை கைநழுவியது. பொருளையும் உருவத்தையும் ஒரே கேட்டலில் சேர்த்துப் பிடிப்பது கற்போருக்குக் கடினம். ஆகவே ‘பாட்காஸ்டைக் கேளுங்கள், அதில் வரும் பாஸ்ட் பெர்ஃபெக்டையெல்லாம் அடிக்கோடிடுங்கள்’ என்று வீட்டுப்பாடம் கொடுப்பது இரண்டையும் கெடுக்கும். பல கல்லூரிகளில் இதுதான் நடக்கிறது. கேட்காமலே எழுத்து வடிவத்தைத் தரவிறக்கி அடிக்கோடிட்டுக் கொண்டுவருகிறார்கள். மாணவர்களின் சமயோசிதத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

வான்பாட்டன் சொன்ன இன்னொன்றும் நமக்கு உதவும். வாக்கியத்தில் ‘எஸ்டர்டே’ என்று ஒரு சொல் இருந்தால், கற்பவர் காலத்தை அதிலிருந்தே எடுத்துக்கொள்வார். வினையின் ‘ட்’டைக் கேட்கும் தேவையே அவருக்கு வராது. எனவே துண்டு தேர்ந்தெடுக்கும்போது ‘எஸ்டர்டே’யும் ‘லாஸ்ட் இயர்’உம் இல்லாத இடமாகப் பார்க்கவேண்டும். காலம் விகுதியில் மட்டுமே இருக்கட்டும். அப்போதுதான் காது அங்கே போகும். ஆனாலும் ஓர் எல்லை உண்டு. ‘வி வாக்ட் டு த பார்க்’ என்று வேகமாகச் சொல்லும்போது அந்த ‘ட்’ அடுத்து வரும் ‘ட்’டோடு கரைந்துவிடும், ஆங்கிலேயர் காதுக்கும் தனியாகக் கேட்காது. கதை கடந்த காலத்தில் நடக்கிறது என்ற அறிவைக் கொண்டுதான் அவரும் அதைக் ‘கேட்கிறார்’. இலக்கணம் தெரிந்தால்தான் சில ஒலிகள் காதில் விழும். ஆகவே ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்ல நான் வரவில்லை.

இந்த இடத்தில் என்.எஸ்.பிரபுவை நினைக்காமல் போகமுடியாது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தபோது, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட இடங்களின் பள்ளிகளில் அவர் நடத்திய திட்டம், உலகெங்கும் ஆங்கிலக் கல்வித் துறையில் பெங்களூர்த் திட்டம் என்று பேசப்படுகிறது. இலக்கணத்தைப் பாடமாகவே நடத்தாமல் ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொண்டு சிக்கல்களைத் தீர்க்கச் செய்தார். பொருளில் மனம் முழுகியிருக்கும்போது இலக்கணம் தானே படியும் என்பது அவர் கொள்கை. 1987இல் வந்த ‘செகண்ட் லாங்வேஜ் பெடகாஜி’ நூலில் அதன் முழு விவரம் உண்டு. நான் அவரோடு பாதி வழி வருகிறேன். பொருள் முதலில் என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் கல்லூரி மாணவருக்குப் பகுதி இரண்டு என்ற பொது ஆங்கிலப் பாடத்தில் கிடைப்பது வாரத்துக்குச் சில மணி நேரம். வகுப்புக்கு வெளியே பலருக்கு ஆங்கிலமே காதில் விழுவதில்லை. தானே படியட்டும் என்று காத்திருக்க அவரிடம் நேரம் இல்லை. கவனத்துக்கு வராத ஒன்று கற்கப்படுவதில்லை என்று 1990இல் ரிச்சர்ட் ஷ்மிட் வாதிட்டார். அவர் பிரேசிலில் போர்த்துகீசியம் கற்றபோது தம் கற்றலையே ஆய்வுப் பொருளாக்கியவர். இந்த ஒரு விஷயத்தில் என் வாக்கு ஷ்மிட்டுக்கு.

எந்தப் பாட்காஸ்ட் என்று கேட்பீர்கள். இலக்கணத் தலைப்பைத் தேடாமல், அந்த இலக்கணம் இல்லாமல் பேசவே முடியாத விஷயத்தைத் தேடுங்கள். சமையல் சொல்பவர் ஏவல் வினையில்தான் பேசியாகவேண்டும். அறிவியல் சொல்பவருக்குப் பாஸிவ் தேவைப்படும். ‘குட் ஹேவ்’, ‘வுட் ஹேவ்’, ‘மஸ்ட் ஹேவ்’ கற்பிக்க 2014இல் வந்த ‘சீரியல்’ முதல் தொடரைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பால்டிமோரில் 1999இல் நடந்த ஒரு கொலையைப் பற்றி சாரா கேனிக் 12 பகுதிகளில் விசாரிக்கிறார். பீபடி விருது பெற்ற முதல் பாட்காஸ்ட் அது. இன்னார் இந்த நேரத்துக்குள் அங்கே போயிருக்க முடியுமா, அவர் பார்த்திருக்கக்கூடுமா, சொன்னது பொய்யாக இருந்திருக்குமா என்று கேள்வி சுற்றிக்கொண்டே இருக்கும். மோடல் பெர்ஃபெக்ட் என்று பாடநூல் ஒரு பக்கத்தில் முடித்துவிடுவதற்கு அங்கே ஒருவரின் வாழ்க்கையே பணயமாக இருக்கிறது. ‘குட் ஹேவ்’ என்பது ‘குடவ்’ ஆகித் தேய்ந்தாலும் மாணவர் அதை விடமாட்டார்.

தொடக்கநிலை வகுப்புக்கு அது கனம். பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ போதும். இருவர் பேசுவார்கள், தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டு முடிவில் விடை சொல்வார்கள், எழுத்து வடிவமும் உண்டு. ஆனால் அது எழுதி வைத்துப் படிப்பது என்பதை மறக்கக்கூடாது. திக்கல், திருத்தல், பாதியில் விட்ட வாக்கியம் எதுவும் அதில் இராது. அமித் வர்மாவின் ‘த சீன் அண்ட் தி அன்சீன்’ போன்ற இந்தியப் பாட்காஸ்டுகளிலிருந்து இரண்டு நிமிடம் வெட்டிப் போட்டால், பழகிய உச்சரிப்பில் பழகாத வாக்கிய அமைப்புகள் கிடைக்கும். முழுப் பகுதியும் போட நினைக்கவேண்டாம். சில பகுதிகள் பல மணி நேரம் ஓடும்.

இயல்பான பேச்சைப் போட்டால் ஒரு தொல்லை உண்டு. ‘தேர்ஸ் த்ரீ ரீசன்ஸ்’ என்று பேசுவார்கள். மாணவர் கை தூக்கிவிடுவார். ‘தேர் ஆர்’ அல்லவா வரவேண்டும்? எழுத்தில் அப்படித்தான் வரவேண்டும். பேச்சில் பன்மைக்கும் ‘தேர்ஸ்’ வருவது, படித்த ஆங்கிலேயரிடமும் அமெரிக்கரிடமும் மிகச் சாதாரணம். ரொனால்ட் கார்ட்டரும் மைக்கேல் மெக்கார்த்தியும் 50 லட்சம் சொற்கள் கொண்ட பேச்சுத் தொகுப்பை வைத்து ஆராய்ந்து, பேச்சுக்கென்று தனி இலக்கணம் இருப்பதை நிறுவினார்கள். அதை மறைப்பதைவிடச் சொல்லிவிடுவது நல்லது. வழக்கு, செய்யுள் இரண்டையும் பார்த்தே தொல்காப்பியம் செய்யப்பட்டதாகப் பாயிரம் சொல்லும் மரபில் வந்தவர்கள் இதற்கு அஞ்சவேண்டியதில்லை. தேர்வுத் தாளில் ‘தேர் ஆர்’, காதில் ‘தேர்ஸ்’. தமிழ் மாணவர் இந்த இரட்டை வாழ்க்கையை ஐந்து வயது முதல் வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

பேச்சுத் தொகுப்புகள் இன்னொரு பாடநூல் பழக்கத்தையும் கேள்வி கேட்கின்றன. நம் புத்தகங்கள் பிரசன்ட் கன்டினியூவஸுக்கு முதல் வரிசை தருகின்றன. 1999இல் வந்த லாங்மன் இலக்கணம், உரையாடலில் சாதாரண வடிவங்கள் கன்டினியூவஸ் வடிவங்களைவிட 20 மடங்குக்கும் மேலாக வருவதாகக் கணக்கிட்டது. ‘ஐ ஆம் ஹேவிங் எ டவுட்’, ‘ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்’ என்று நம்மவர் பேசுவதில் இந்த முதல் வரிசைக்கும் பங்கு உண்டு என்பது என் ஊகம். ஒரு பாட்காஸ்டின் ஐந்து நிமிட எழுத்து வடிவத்தைக் கொடுத்து ‘இங்’ வினைகளை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை பேசும், ஆசிரியர் பேசவேண்டாம்.

அடுத்தது, மாணவர்களையே பாட்காஸ்ட் செய்யச் சொல்வது. இப்போது எல்லாக் கருத்தரங்கிலும் இதைப் புகழ்கிறார்கள். எனக்கு ஐயம் உண்டு. ‘பாட்காஸ்ட் தயாரிக்க’ என்று வேலை கொடுத்தால், மாணவர் எங்கிருந்தோ ஒரு கட்டுரையை எடுத்து, இப்போது செயற்கை நுண்ணறிவிடமே எழுதி வாங்கி, பின்னணி இசை சேர்த்துப் படித்து அனுப்புகிறார். இசை நன்றாக இருக்கும். இலக்கணம் அவருடையதாக இராது. அதற்குப் பதில், ஒரு பகுதியைக் கேட்டுவிட்டு, கையில் தாள் இல்லாமல் ஒரு நிமிடம் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகத் திரும்பச் சொல்லட்டும். பிறகு தம் குரலைத் தாமே கேட்டு, ஒரு சொல் விடாமல் எழுதட்டும். தாம் விட்ட ‘ஸ்’, தாம் விழுங்கிய ‘ட்’ எல்லாம் தாளில் தெரியும். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் டோனி லின்ச், மாணவர்கள் தங்கள் பேச்சைத் தாங்களே எழுதித் திருத்தும் முறையைப் பற்றி 2001இல் எழுதினார். அவர்கள் தாங்களாகவே பல பிழைகளைப் பிடித்தார்கள். சிவப்பு மையைவிட இதில் கூச்சம் குறைவு.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்கள் ஆங்கில இலக்கிய வகுப்புகளில் பலர் இருக்கிறார்கள். இந்தப் பயிற்சியில் பெரும்பாலும் அவர்களே முந்துவதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு குழுவிலும் ஒருவராக அவர்களை அமர்த்தினால் குழுவுக்கே ஓர் ஆசிரியர் கிடைத்தமாதிரி. செவித்திறன் குறைந்தவர்களுக்கு இந்த வகுப்பு அநீதி; அவர்களுக்கு எழுத்து வடிவத்தைக் கொண்டு வேறு வேலை அமைத்தே தீரவேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 64 கேபிபிஎஸ் தரத்தில் ஆறு நிமிட ஒலிக்கோப்பு 3 எம்பிகூட வராது. அதே நேரத்து வீடியோ பல மடங்கு. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்த நாள்களிலிருந்து பார்க்கிறேன்: டேட்டா தடையில்லை, தனிமை கிடைக்காததுதான் தடை. ஒரே போனைத் தம்பியோடு பகிரும் மாணவியிடம், மாலையில் வேலைக்குப் போகும் மாணவரிடம், விடுதி அறையில் எட்டுப் பேரோடு இருப்பவரிடம் ‘வீட்டில் அமைதியாகக் கேட்டு வாருங்கள்’ என்று சொல்வது பொருளற்றது. கேட்பது வகுப்பில் நடக்கட்டும். ஆசிரியரின் போனும் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரும் எழுத்து வடிவத்தின் ஜெராக்ஸும் போதும். அறுபது பேர் வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்று மட்டும் முதலில் நடந்து போய்ப் பாருங்கள். வேகத்தைக் குறைத்துப் போடுவதை நான் விரும்புவதில்லை. ‘வீட் பின்’ என்பது மெதுவாகப் போட்டாலும் ‘வீட் பின்’தான், ‘ஹேட்’ திரும்ப முளைக்காது. பத்து விநாடியைப் பலமுறை கேட்பதே வழி.

நீண்ட கட்டுரை வாக்கியம், பத்திகளை இணைக்கும் முறை, ஆர்ட்டிகிளின் முழு நுணுக்கம் ஆகியவற்றையெல்லாம் பாட்காஸ்ட் கற்பிக்காது. அவற்றுக்கு வாசிப்புத்தான் வழி.

பாடத்திட்டக் குழு உறுப்பினர்கள் சிலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு விண்ணப்பம். தேர்வு கேட்காததை வகுப்பு செய்யாது. நம் செமஸ்டர் தேர்வின் ஆங்கிலத் தாளில் காதுக்கு மதிப்பெண் இல்லை. பல்கலைக்கழகத் தேர்வின் 75 மதிப்பெண்ணைத் தொடச் சொல்லவில்லை. அதற்கு ஆண்டுகள் ஆகும். அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் 5ஐக் கேட்டு எழுதுவதற்கு ஒதுக்குங்கள். அதற்கான வினாத்தாள் நாற்பது விநாடி ஒலிப்பதிவு ஒன்றுதான். வருகிற கல்வியாண்டின் முதல் செமஸ்டரிலேயே, பகுதி இரண்டு ஆங்கிலத்தில், இதைத் தொடங்கலாம்.